வார்னிங்குக்கும் ஒரு பஞ்சாயத்து!

கம்பைல் கொடுத்தவுடன் உங்கள் கண் எங்கே போகும்? 'எரர்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்றுதானே! அதே இடத்தில் 'வார்னிங்: 6' என்று இன்னொரு வரியும் இருக்கும். பாவம், அதை யாரும் சீண்டுவதில்லை. லேப் அசிஸ்டென்ட் பார்ப்பதில்லை. எக்ஸ்டர்னலாக வருகிறவரும் பார்ப்பதில்லை. அவுட்புட் வந்துவிட்டால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, அப்புறம் கேன்டீனில் டீ. அவ்வளவுதான் நம்ம பிராக்டிகல்!

நாம் திரும்பிக்கூடப் பார்க்காத அந்த ஒரு வரிக்காக ஓப்பன் சோர்ஸ் உலகத்தில் பெரிய பெரிய தலைகள் எல்லாம் வருஷக்கணக்கில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள், தெரியுமா? ஒரு தடவை முட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் முட்டிக்கொள்ளாமல் விட்டதால், ஒண்ணே முக்கால் வருஷம் உலகம் முழுக்க ஏகப்பட்ட சர்வர்களின் பூட்டு சும்மா பேருக்குத் தொங்கியது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கம்பைலர் என்பது நாம் எழுதும் சி புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் ஆள். எரர் கொடுத்தால் 'எனக்கு இது புரியலை, மாற்றித் தர முடியாது' என்று கையை விரித்துவிட்டது என்று அர்த்தம். வார்னிங் அப்படி இல்லை. 'மாற்றிக் கொடுத்துட்டேன். ஆனா எனக்கு என்னமோ இடிக்குது, ஒரு தடவை பாத்துக்கோ' என்கிற ரகம். வேலை நடந்துவிடும். பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் இஷ்டம். வம்பே அந்த இஷ்டத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால், கம்பைலருக்கு இடிப்பதெல்லாம் தப்பு இல்லை. எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வந்து பார்த்தால் உங்களுக்கு இது சட்டென்று புரியும். மானாவாரிக் காடு. சாயங்காலம் கருகருவென்று மேகம் கூடும், இடி இடிக்கும், காற்று அடிக்கும், கடைசியில் ஒரு பொட்டு விழாமல் கலைந்து போய்விடும். நாலு தடவை இப்படி ஆனால் அஞ்சாவது தடவை யாரும் மொட்டை மாடியில் காயும் மிளகாய் வற்றலை எடுக்க ஓடமாட்டார்கள். ஆறாவது தடவை நிஜமாகவே கொட்டும்!

கம்பைலர் உலகத்தில் இந்தப் பொய் இடிக்கு 'ஃபால்ஸ் பாசிட்டிவ்' என்று பெயர். ஜிசிசி கம்பைலரில் 'மைனஸ் டபிள்யூ ஆல்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. 'ஆல்' என்றால் எல்லாம்தானே? அதுதான் இல்லை. எல்லா வார்னிங்கையும் போட்டால் சத்தம் தாங்காது என்று பலவற்றை வெளியே வைத்துவிட்டு, மிச்சத்துக்கு 'எல்லாம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெளியே நிற்பவற்றில் கொஞ்சம் 'எக்ஸ்ட்ரா' என்ற இன்னொரு ஆப்ஷனில் வரும். கிளாங் என்கிற இன்னொரு கம்பைலர் இன்னும் ஒரு படி மேலே போய் 'எவ்ரிதிங்' என்றே ஒன்று வைத்திருக்கிறது. 'எல்லாம்', 'கூடுதல்', 'சகலமும்'! நம்ம ஊர் மெஸ்ஸில் சாப்பாடு, ஸ்பெஷல் சாப்பாடு, ஃபுல் மீல்ஸ் மாதிரி.

எதை உள்ளே வைப்பது, எதை வெளியே வைப்பது? சும்மா பேச்சுக்குப் பேசும் விஷயம் இல்லை இது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி அவசர அவசரமாக ஒரு அப்டேட் விட்டது. ஐபோனும் மேக்கும் பாதுகாப்பான வெப்சைட்டோடு பேசும்போது எதிரில் இருப்பது நிஜமான ஆள்தானா என்று பரிசோதிக்கும் கோடு அது. அதில் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி தப்பாக இரண்டு தடவை அடுத்தடுத்து விழுந்திருந்தது. முதல் வரி மேலே இருக்கும் 'இஃப்'புக்குச் சொந்தம். இரண்டாவது யாருக்கும் சொந்தமில்லை. அதனால் எப்போதும் அங்கேயிருந்து தாவிவிடும், கீழே இருந்த பரிசோதனை நடக்கவே நடக்காது. அந்தக் கீழ்ப்பகுதி 'யாராலும் எட்ட முடியாத கோடு'. அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் வார்னிங் கிளாங்கில் அப்போதே இருந்தது. ஆனால் 'ஆல்' கூட்டத்தில் அதற்கு இடமில்லை. ஜிசிசியிலோ அந்த வார்னிங் நம்பகமாக வேலை செய்யவில்லை என்று சில வருஷங்களுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். ஆப்ஷனைப் போட்டால் ஏற்றுக்கொள்ளும், சத்தமே வராது! பிறகு 2016-ல் ஜிசிசி 6 வந்தபோது, 'வரியைத் தள்ளி எழுதியிருக்கிற விதம் ஏமாற்றுகிறது' என்று சொல்லும் புது வார்னிங்கைக் கொண்டுவந்து 'ஆல்' கூட்டத்திலேயே சேர்த்தார்கள்.

சரி, அப்படியென்றால் எல்லா வார்னிங்கையும் எரர் ஆக்கிவிட்டால் பிரச்னை தீர்ந்தது இல்லையா? 'டபிள்யூ எரர்' என்று அதற்கும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. ஒரே ஒரு வார்னிங் வந்தாலும் கம்பைல் நின்றுவிடும். இதைத்தான் 2021 செப்டம்பரில் லினக்ஸின் பிதாமகர் லைனஸ் டார்வால்ட்ஸ் செய்தார். லினக்ஸ் கெர்னலின் 5.15 வெர்ஷனுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. கோடு அனுப்புகிறவர்கள் அவரவர் மெஷினில் வார்னிங்கைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள், கடைசியில் அது என் தலையில் வந்து விழுகிறது என்பது அவர் கடுப்பு. எல்லோருக்கும் 'டபிள்யூ எரர்' என்று போட்டு முடித்துவிட்டார்.

முடிந்ததா? அங்கேதான் ஆரம்பித்தது! லைனஸ் மெஷினில் சுத்தமாகக் கம்பைல் ஆகிற அதே கோடு ஊர் முழுக்க அப்படி ஆகாது. கெர்னல் ஓடும் பிராசஸர் வகைகளே ஏகப்பட்டது. கம்பைலர் என்று எடுத்தால் அப்போது ஜிசிசி 5.1-லிருந்து 11 வரை எதை வைத்தும் கம்பைல் பண்ணலாம். கிளாங் தனி. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் இடிக்கிற இடம் வேறு. நேற்று வரை ஒழுங்காக ஓடிய பரிசோதனை பில்டுகள் வரிசையாகச் சிவப்பு காட்டின. ஒரு பழைய டிரைவரில் யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு வார்னிங் வந்தாலும் மொத்த கெர்னலும் நின்றுவிடும். நிஜமான தப்பு எந்த பேட்சில் நுழைந்தது என்று பின்னாலேயே தேடிக்கொண்டு போகிறவர்களுக்கும் வழி அடைபட்டது. அவர்கள் குரலும் நியாயமானதுதான்.

சில நாட்களிலேயே ஒரு நடுவழி வந்தது. 'கம்பைல் டெஸ்ட்' என்று கெர்னலில் ஒரு செட்டிங் உண்டு. கோடு கம்பைல் ஆகிறதா என்று பார்ப்பதற்காகவே பில்டு பண்ணுகிறவர்கள் போட்டுக்கொள்வது. அதைப் போட்டவர்களுக்கு மட்டும் 'டபிள்யூ எரர்' தானாக வரும். சும்மா தன் லேப்டாப்புக்குக் கெர்னல் பில்டு பண்ணுகிறவருக்கு வராது, வேண்டுமென்றால் அவரே போட்டுக்கொள்ளலாம். பாருங்கள், 'வார்னிங் நல்லதா கெட்டதா' என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. நிறுத்தும் உரிமையை, நின்றால் சரிசெய்யக் கூடிய ஆள் கையில் கொடுத்தார்கள். எனக்கு இந்தத் தீர்வு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கெர்னலில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. 'டபிள்யூ=1', 'டபிள்யூ=2', 'டபிள்யூ=3' என்று மூன்று படி. முதல் படியில் வருபவை விஷயம் உள்ளவை, அடிக்கடி வராதவை. இரண்டாவதில் அடிக்கடி வரும், ஆனாலும் விஷயம் இருக்கலாம். மூன்றாவது, பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடக்கூடியவை. 'இந்த வேரியபிளுக்கு மதிப்பே கொடுக்காமல் பயன்படுத்துகிறாயோ' என்று சந்தேகப்படும் ஜிசிசியின் ஒரு வார்னிங்கை 2020 மே மாதம் லைனஸ் முன்வரிசையிலிருந்து தூக்கி இரண்டாம் படிக்கு அனுப்பினார். சந்தேகமே பாதிக்கு மேல் பொய்யாக இருந்தால் நிஜத்தை யார் நம்புவது என்பது வாதம். அதே சாதிக்காரத் தப்புகளைக் கண்டுபிடிக்க கிளாங் இருக்கிறதே என்ற தைரியமும் உண்டு.

இந்த இடத்தில் எங்கள் தெருவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அருப்புக்கோட்டையில் தறி இருக்கிற தெருவில் ஒரு ராத்திரி தங்கினால் வெளியூர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது. விசைத்தறி சத்தம் அப்படி. எங்களுக்கு அது தாலாட்டு! பக்கத்து வீட்டு தறிக்கார மாமாவிடம் "இந்தச் சத்தத்துல எப்படி மாமா கண் அசர்றீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "சத்தம் கேட்டா தறி ஓடுதுன்னு அர்த்தம் மாப்ள. சத்தம் மாறுச்சுன்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்" என்றார்.

அவர் தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அதற்கென்று ஒரு சின்ன முள் மாதிரி அமைப்பு இருக்கிறது. ஆனால் பாவு நூல் ஒன்று அறுந்தால் தறி நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். துணியில் நீளமாக ஒரு கோடு விழும். அதை ஆள்தான் பார்த்துப் பிடிக்க வேண்டும். ஊடை அறுவது எரர், பாவு அறுவது வார்னிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பாவு அறுந்தாலும் நிக்கிற மாதிரி வெச்சா என்ன?" என்று கேட்டதற்கு மாமா சிரித்தார். "நூல் நல்ல நூலா இருந்தா வெக்கலாம். இப்ப வர்ற நூலுக்கு வெச்சா நின்னுக்கிட்டேதான் இருக்கும், முழம் துணி இறங்காது." 2021-ல் கெர்னல்காரர்கள் லைனஸிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். முதலில் நூலைச் சரிபண்ணு, அப்புறம் நிறுத்துகிற முள்ளை வை!

நூலைச் சரிபண்ணிய கதை ஒன்று இருக்கிறது. இந்தப் பஞ்சாயத்துகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். சி மொழியில் 'ஸ்விட்ச் கேஸ்' எல்லோரும் எழுதியிருப்போம். ஒவ்வொரு கேஸ் முடிவிலும் 'பிரேக்' போட வேண்டும். மறந்தால் அடுத்த கேஸுக்குள் வழுக்கி விழுந்துவிடும். கேன்டீன் டோக்கன் மெஷினுக்குப் புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'டீ' கேஸில் பிரேக் விட்டுப்போனால், டீ கேட்டவனுக்கு டீயும் வரும், அடுத்த கேஸில் இருக்கும் பஜ்ஜியும் வரும். பில்லும் வரும்! ஆனால் சில சமயம் வேண்டுமென்றே வழுக்க விடுவதும் உண்டு. 'காபி' என்றால் டிகாக்‌ஷனை ஊற்று, அப்படியே கீழே இருக்கும் 'பால்' கேஸுக்குள் விழுந்து பாலையும் ஊற்று. இது தப்பில்லை, புத்திசாலித்தனம். இப்போது கம்பைலருக்கு எப்படித் தெரியும், இவன் மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா என்று?

2017-ல் ஜிசிசி 7 இதற்கு ஒரு வார்னிங் கொண்டுவந்தது. வேண்டுமென்றே விட்டவர்கள் அந்த இடத்தில் 'ஃபால் த்ரூ' என்று ஒரு கமென்ட் எழுதினால் போதும், கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். கமென்ட்டைக் கம்பைலர் படிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எந்த மாதிரி எழுத்தை ஏற்பது என்பதற்கே அஞ்சு படி வைத்தார்கள். முதல் படியில் என்ன கமென்ட் இருந்தாலும் சரி, அஞ்சாவது படியில் எந்தக் கமென்ட்டும் செல்லாது. கிளாங் தரப்பு இதில் ஒத்துவரவில்லை. கமென்ட் மனிதனுக்கு எழுதுவது, கம்பைலர் அதைப் படித்து முடிவெடுக்கக் கூடாது, கோடிலேயே எழுது என்றது. இரண்டு கம்பைலரிலும் ஓட வேண்டிய கெர்னல் நடுவில் மாட்டிக்கொண்டது. 2019-ல் அதற்கு ஒரு வழி பிறந்தது. 'ஃபால்த்ரூ' என்று ஒரு வார்த்தையையே மேக்ரோவாகக் கெர்னலில் சேர்த்துவிட்டார்கள். பிரேக் எழுதும் இடத்தில் அதை எழுதினால் 'நான் தெரிந்துதான் விழுகிறேன்' என்று அர்த்தம். படிக்கிற மனிதனுக்கும் புரியும், இரண்டு கம்பைலருக்கும் புரியும்.

வார்த்தை கிடைத்துவிட்டது. கெர்னல் முழுக்க இருக்கும் ஸ்விட்சுகளை யார் உட்கார்ந்து பார்ப்பது? குஸ்தாவோ சில்வா என்ற டெவலப்பர் இதை வருஷக்கணக்கில் செய்தார். ஒவ்வொரு இடமாகப் போய் 'இது மறந்ததா, வேண்டுமென்றா' என்று படித்து, மறந்திருந்தால் பிரேக், வேண்டுமென்றால் ஃபால்த்ரூ. போகிற வழியில் நிஜமாகவே பிரேக் மறந்துபோன பக்குகளும் வெளியே வந்தன. 2019-ல் ஜிசிசிக்கு அந்த வார்னிங்கை கெர்னல் முழுக்கப் போட முடிந்தது. கிளாங்குக்கும் போட வேண்டும் என்று 2020 நவம்பரில் அவர் ஒரே கட்டாக 141 பேட்ச் அனுப்பினார்.

அப்போது வெடித்தது பாருங்கள்! ஹார்ட் டிஸ்க்குகளோடு பேசும் ஸ்கஸி பகுதியின் பராமரிப்பாளர் ஜேம்ஸ் பாட்டம்லி நேரடியாகவே கேட்டார். இந்த 141-ல் எத்தனை நிஜமான பக்? மிச்சமெல்லாம் கம்பைலர் வாயை மூட மட்டும்தானே? ஒவ்வொரு பேட்சையும் பராமரிப்பாளர் படிக்க வேண்டும், சேர்க்க வேண்டும், அதனால் மற்றவர்களின் பேட்ச் பொருந்தாமல் போனால் அதையும் பார்க்க வேண்டும். பராமரிக்கிற ஆட்களுக்கு ஏற்கெனவே பஞ்சம். எதிர்த் தரப்பின் பதில்: இந்த 141-ஐ மட்டும் பார்க்காதீர்கள். இன்று சுத்தம் பண்ணி வார்னிங்கைப் போட்டுவிட்டால், நாளை யாராவது பிரேக் மறந்தால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். இந்தச் செலவு ஒரே தடவை, அதன் பலனோ தினம் தினம்.

நீங்கள் யார் பக்கம்? பாட்டம்லி கேட்டதை 'பழம் பெருச்சாளி' என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. சும்மா வார்னிங்கைக் குறைக்கிறேன் என்று எதையாவது தொட்டுக் கெடுத்த கதைகள் நிஜமாகவே இருக்கின்றன. உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போனில் கண்டிப்பாக ஓடிக்கொண்டிருக்கும் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். வார்னிங் வராமல் கம்பைல் பண்ண முயன்றபோது நுழைந்த பக்குகள், கோடு அலசும் கருவிகள் கண்டுபிடித்துக் கொடுத்த பக்குகளைவிட அதிகம் என்று அதன் அதிகாரபூர்வ ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் நம்புவது டெஸ்ட்டுகளை. ஆனாலும் இந்த ஃபால்த்ரூ விஷயத்தில் என் ஓட்டு சில்வாவுக்குத்தான். அவர் வார்னிங்கின் வாயை மூடவில்லை, அது கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினார். 2021-ல் கிளாங்குக்கும் அந்த வார்னிங் போடப்பட்டது. அதோடு, 'எட்ட முடியாத இடத்தில் இருக்கும் ஃபால்த்ரூ' என்று கிளாங் கத்திக்கொண்டிருந்த ஒரு கேஸைத் தனி வார்னிங்காகப் பிரித்து வைக்க கிளாங் தரப்பும் சம்மதித்தது. இரண்டு பக்கமும் ஒரு அடி இறங்கி வந்ததால்தான் முடிந்தது.

வாயை மூட மட்டும் செய்தால் என்ன ஆகும்? கெர்னலிலேயே ரொம்ப வருஷமாக ஒரு குறுக்கு வழி இருந்தது. வேரியபிளுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை என்று கம்பைலர் கத்தினால், அந்த வேரியபிளை அதற்கே சமமாக்கிவிடும் ஒரு மேக்ரோ. 'எக்ஸ்' சமம் 'எக்ஸ்'! கேள்வி கேட்ட ஆளிடமே கேள்வியைத் திருப்பி விடுகிற தந்திரம். கம்பைலர் குழம்பி அமைதியாகிவிடும். அடுத்த வருஷம் வேறு யாரோ அந்தக் கோடை மாற்றும்போது நிஜமாகவே மதிப்புக் கொடுக்க மறந்தாலும் அமைதியாகவே இருக்கும். கீஸ் குக் என்ற பாதுகாப்பு டெவலப்பர் இதைக் கெர்னல் முழுக்கத் தேடிப் பிடித்து 2020-ல் அடியோடு நீக்கினார்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன பூட்டுக் கதை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் ஞாபகம் இருக்கிறதா? அக்கா, அண்ணன் யாராவது வாங்கியிருப்பார்கள். அதில் விண்டோஸோடு சேர்ந்து 'பாஸ் லினக்ஸ்' என்று ஒன்று வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. அதற்கு அடித்தளம் டெபியன் என்கிற லினக்ஸ். உபுண்டுவுக்கும் அதுவே அடித்தளம். கதை இந்த டெபியனில் நடந்தது.

இன்டர்நெட்டின் ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளை வேல்கிரைண்ட் என்ற சோதனைக் கருவியில் ஓட்டினால் வார்னிங்காகக் கொட்டியது. மதிப்பே கொடுக்காத மெமரியைப் படிக்கிறாய் என்று. இது கம்பைலர் கொடுக்கும் வார்னிங் இல்லை, புரோகிராம் ஓடும்போது வருவது. ஆனால் நோய் ஒன்றுதான். 2006-ல் டெபியன் பராமரிப்பாளர் ஒருவர் தேடிப் பார்த்தார். ஒரே மாதிரி இரண்டு வரிகள், இரண்டு இடத்தில். எடுத்துவிடலாமா என்று ஓப்பன்எஸ்எஸ்எல் ஆட்களிடம் கேட்கவும் செய்தார். பிழை தேடுவதற்கு உதவும் என்றால் எடுக்கலாம் என்ற அர்த்தத்தில் ஒரு பதில் வந்தது. பதில் சொன்னவர் மனசில் இருந்தது சோதனைக்கு மட்டும் எடுப்பது. கேட்டவர் மனசில் இருந்ததோ ஊருக்கெல்லாம் போகிற பேக்கேஜ். யாரும் 'நில்லுங்க, எதுக்காக எடுக்கறீங்க?' என்று குறுக்கே கேட்கவில்லை. இரண்டு வரியும் போயின. வார்னிங்கும் போனது. எல்லோரும் சந்தோஷம்.

ஒரு வரியை எடுத்ததால் குறை ஒன்றுமில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல்-காரர்களே சோதனையின்போது அதை மட்டும் விலக்கி வைக்க ஒரு வசதி வைத்திருந்தார்கள். ஆனால் அச்சு அசலாக அதே மாதிரி இருந்த மற்ற வரிதான், யாரும் ஊகிக்க முடியாத தாறுமாறான எண்களைச் சாவிக்குள் கலக்கிற வரி! அது போனதும் மிச்சம் இருந்த ஒரே தாறுமாறு, புரோகிராமுக்கு லினக்ஸ் கொடுக்கும் பிராசஸ் எண். அதன் உச்சம் 32,768. அதாவது ஒரு வகை மெஷினில், ஒரு அளவுச் சாவிக்கு, உலகத்திலேயே மொத்தம் அவ்வளவு சாவிகள்தான் சாத்தியம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பூட்டு திறந்துவிடும். 2008 மே 13-ம் தேதி டெபியன் இதை வெளியே அறிவித்தபோது, அதில் உருவான சாவிகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யச் சொன்னார்கள். உபுண்டுவுக்கும் அதே கதி. டெபியனைச் சரிசெய்தால் மட்டும் போதாது. அங்கே செய்த சாவியை வேறு எந்த மெஷினில் கொண்டுபோய் வைத்திருந்தாலும் அந்த மெஷினும் காலி!

கத்தாமல் விட்டதால் வந்த இன்னொரு பஞ்சாயத்தும் உண்டு. சி-யில் ஒரு ஃபங்ஷனை அறிவிக்காமலே கூப்பிட்டால் அது 'இன்ட்' தரும் என்று கம்பைலர் தானாக நினைத்துக்கொள்ளும். 1999-ம் வருட சி தரநிலையே இந்தப் பழக்கத்தை நீக்கிவிட்டது. ஜிசிசியோ பழைய கோடு உடையக் கூடாது என்று வெறும் வார்னிங்கோடு விட்டுவைத்தது. 64 பிட் மெஷினில் முகவரியைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை இப்படிக் கூப்பிட்டால், வரும் முகவரியில் பாதி வெட்டுப்பட்டுப் போகலாம். புரோகிராம் எப்போது விழும் என்று ஜோசியர்தான் சொல்ல வேண்டும். 2023-ல் கிளாங் 16-ம், 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14-ம் ஒருவழியாக இதை எரர் ஆக்கின. 25 வருஷம்! அதற்கு முன்பே ஃபெடோரா, ஜென்டூ ஆட்கள் பழைய பேக்கேஜ்களை எல்லாம் தேடித் தேடித் திருத்தினார்கள். இங்கேயும் முதலில் நூல், அப்புறம் முள்.

நீங்களே இறங்கிப் பார்க்க ஆசையா? கெர்னலில் 'ஸ்டேஜிங்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. இன்னும் தேறாத டிரைவர்கள் இருக்கும் இடம், புதியவர்கள் கை வைக்கலாம். அதை 'டபிள்யூ=1' போட்டுக் கம்பைல் பண்ணுங்கள், வார்னிங் வரிசையில் வரும். உடனே வேரியபிளுக்குப் பூஜ்யம் போட்டு வாயை மூடிவிடாதீர்கள், அங்கே இருக்கும் சீனியர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். எந்த வழியாகப் போனால் அந்த வேரியபிள் மதிப்பில்லாமல் நிற்கும் என்று தேடுங்கள். வழி இருந்தால் அது பக், அதைத் திருத்தி அந்த வழியை பேட்சோடு எழுதுங்கள். வழியே இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுதுங்கள். எந்தக் கம்பைலர், எந்த வெர்ஷன் என்றும் சேர்த்து எழுதினால் எதிரில் இருப்பவர் அதே வார்னிங்கைத் தன் மெஷினில் வரவழைத்துப் பார்க்க முடியும். 'எத்தனை நிஜமான பக்?' என்று யாராவது பாட்டம்லி மாதிரி கேட்டால் கோபப்படாமல் எண்ணிச் சொல்லுங்கள். பூஜ்யம் என்றாலும் சொல்லுங்கள்.

உங்கள் சொந்த மினி புராஜெக்ட்டை ஊருக்கு ரிலீஸ் பண்ணுகிறீர்களா? அதில் 'டபிள்யூ எரர்' போட்டு அனுப்பாதீர்கள். அடுத்த வருஷம் புதுக் கம்பைலர் வரும், அதற்குப் புதிதாக ஏதாவது இடிக்கும், உங்கள் புரோகிராமை டவுன்லோட் பண்ணிய யாரோ ஒரு ஜூனியரின் மெஷினில் பில்டு நிற்கும். ஜென்டூவில் இதற்குத் தடையே இருக்கிறது. உங்கள் மெஷினில் மட்டும் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு டிப்ஸ். கெர்னலில் புதுக் கோடு சேர்க்கும் இரண்டு வாரக் கதவு திறந்திருக்கும்போது பேட்ச் அனுப்பினால் பதில் வர நாளாகும், பராமரிப்பாளர்கள் தலைக்கு மேல் வேலையில் இருப்பார்கள். மற்ற நேரத்திலும் ஒரு வாரம், பத்து நாள் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த இடைவெளியில் மாடல் எக்ஸாமுக்கு இரண்டு யூனிட் முடித்துவிடலாம் பாஸ்!